ஒதுக்கி வைக்கப்பட்ட பலிபீடம்

வாசிக்க: 2 இராஜாக்கள் 16:10-16



மாதிரிக் கார்களைச் சேகரிப்பது விக்கிரக ஆராதனையாகுமா என்று நம் சபையின் வாலிபர் சிலர் கேட்கின்றனர். ஆகாது என்பதே என் கருத்து.

லெ மான் பந்தயத்தை மனதில் வைத்து ஜாகுவார் நிறுவனம் 1966-இல் எக்ஸ்ஜே13 என்ற காரை உருவாக்கியது. 12 சிலிண்டர், 5 லிட்டர் இன்ஜின். செய்யப்பட்டது ஒன்றே ஒன்று. அதுவும் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 1971-இல் படப்பிடிப்பின்போது விபத்தில் நொறுங்கி, பின்னர் சீரமைக்கப்பட்டது. 2008 முதல் ஜாகுவார் நம் நாட்டு டாடாவின் கையில் இருந்தாலும், அந்தக் காரை நம்மில் எவரும் வாங்க இயலாது. 1:18 அளவில், ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள அதன் மாதிரியை வாங்கலாம். அத்தகைய நுண்ணிய வேலைப்பாட்டைக் கண்டு மகிழ்வதில் பாவமில்லை. பெசலெயேலின் விரல்களுக்கு நுட்பத்தைக் கொடுத்தவர் நம் தேவனே.

ஆகாஸ் ராஜாவும் ஒரு மாதிரியை விரும்பினவன்தான். தமஸ்குவில் தான் கண்ட பலிபீடத்தின் மாதிரியை ஆசாரியனாகிய உரியாவுக்கு அனுப்பினான். நாம் அந்த அந்நியப் பலிபீடத்தையே பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். 14-ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள். புதியதற்காக, கர்த்தருடைய வெண்கலப் பலிபீடம் ஆலயத்தின் முன்புறத்திலிருந்து வடபுறமாக மாற்றப்பட்டது. அவன் அதை உடைக்கவில்லை. சற்றே தள்ளி வைத்தான்.

ஆகவே, உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அதற்கு இடங்கொடுக்க எது தள்ளி வைக்கப்பட்டது? மகளின் கல்லூரிக் கட்டணமா? மனைவியின் கண்ணில் படாமல் மறைத்த ரசீது ஏதேனும் உண்டா? பசுந்தேயிலைக்கு விலை கிடைக்காத மாதங்களில், ஆராதனையில் உங்கள் அருகே அமர்ந்திருக்கும் சகோதரரின் தேவையா?

பழைய வார்ப்பு மாதிரிகளுக்கு ஒரு நோய் உண்டு. துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், ஈரக்காற்றில் உலோகம் உள்ளிருந்தே வெடித்து, காலப்போக்கில் பொடியாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளில் இது மிகுதி. திறவாத பெட்டியும் அதைத் தடுக்காது.

குன்னூரில் மூடுபனி இறங்குமுன் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றிவிடுங்கள். பெட்டியைத் திறந்தால் மதிப்புக் குறையும் என்ற கணக்கை ஒருநாள் மறந்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து, அவற்றைக் கையிலெடுத்துப் பார்க்கக் கொடுங்கள். ஒரு கதவு ஒடிந்தால் ஒடியட்டும்.