சனிக்கிழமைக் காலை கார்ட்டூனில் ஒரு துப்பாக்கி

பள்ளியில் ஓயாமல் சீண்டப்படும் ஒரு பையன், வீட்டில் அப்பா வைத்திருக்கும் துப்பாக்கியை எடுத்து வந்து, தன்னைச் சீண்டியவனுக்கு நேராக நீட்டுகிறான். விரல்நுனியில் மின்சாரம் பாய்ச்சும் நாயகன் விர்ஜில் ஹாக்கின்ஸ் பக்கத்திலேயே இருந்தும் அந்தச் சக்தி பயன்படவில்லை. கைகலப்பில் துப்பாக்கி வெடித்து, விர்ஜிலின் உயிர்த்தோழன் ரிச்சியின் காலில் குண்டு பாய்கிறது.

'ஸ்டாட்டிக் ஷாக்' தொடரின் இந்த அத்தியாயம், அமெரிக்கக் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கும் சனிக்கிழமைக் காலை நேரத்தில் 2002-இல் ஒளிபரப்பானது. கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தைகளிடம் போய் இதையெல்லாம் பேசலாமா என்று முகம் சுளிப்பவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் துப்பாக்கியைப் பற்றி அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அதைக் கதையாகச் சொல்ல ஆள்தான் இல்லாமலிருந்தது. எழுத்தாளர்கள் ஆலன் பர்னட்டும் ட்வெய்ன் மெக்டஃபியும் சொன்னார்கள். ஹியூமனிடாஸ் விருதும் கிடைத்தது.

மெக்டஃபி 1962-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். படித்தது இயற்பியல், வந்து சேர்ந்தது மார்வெல் காமிக்ஸ். கறுப்பின சூப்பர்ஹீரோக்களில் கால்வாசிப் பேர் ஸ்கேட்போர்டில்தான் திரிகிறார்கள் என்பதைக் கவனித்தவர், ஸ்கேட்போர்டு கறுப்பின நிஞ்ஜாக்களை வைத்து இன்னொரு தொடர் தொடங்கலாமே என்று 1989-இல் தன் மேலதிகாரிகளுக்கே கிண்டலாக ஒரு குறிப்பு எழுதினார். வேலை பார்க்கும் இடத்தில் இப்படி எழுத நெஞ்சழுத்தம் வேண்டும். 1993-இல் நண்பர்களோடு மைல்ஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். விர்ஜில் பிறந்தது அங்கேதான். கறுப்பினத்தவர் என்பதால் ஃபுளோரிடா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டு, அதை எதிர்த்து வழக்காடிய ஒருவரின் பெயரைத்தான் அந்தப் பாத்திரத்துக்கு வைத்தார்கள்.

காமிக்ஸ் நின்றுபோனது. 2000-இல் விர்ஜில் டிவிக்கு வந்தான். நான்கு சீசன், 52 அத்தியாயம். எல்லாமே தங்கம் இல்லை. கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் வந்துபோகும் அத்தியாயத்தை இன்று பார்த்தால் கொட்டாவி வரும். எட்டாத இடங்களும் உண்டு. காமிக்ஸில் விர்ஜிலின் தோழன் தன்பாலின ஈர்ப்புள்ளவன். டிவியில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ரிச்சியின் அப்பாவை நிறவெறியராகக் காட்ட முடிந்த தொடருக்கு, ரிச்சியைப் பற்றிய உண்மையைச் சொல்ல முடியவில்லை.

பிறகு மெக்டஃபி 'ஜஸ்டிஸ் லீக்' தொடருக்குப் போனார். 2008-இல் 'பென் 10: ஏலியன் ஃபோர்ஸ்'. நம் ஊர்ப் பிள்ளைகளின் ஸ்கூல் பேக்கிலும் பிளாஸ்டிக் வாட்ச்சிலும் ஒட்டிக்கொண்ட அதே பென்தான். அவனை உருவாக்கியவர்கள் வேறு நான்கு பேர். ஸ்டோரி எடிட்டராக வந்த மெக்டஃபியின் கைக்கு அவன் 15 வயதில் கிடைத்தான். இந்தத் தொடரில் பென்னின் தாத்தாவைக் காணவில்லை, பழைய எதிரி கெவின் கூட்டாளியாகிறான். சண்டையும் ஏலியன்களும் அப்படியே இருக்க, யாரை நம்புவது என்று ஒரு விடலைப் பையன் தடுமாறுவதும் கதைக்குள் வந்தது. 2011 பிப்ரவரியில், 49-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், மெக்டஃபி இறந்தார்.

தமிழில் குழந்தைகளுக்கு ஓடுவதில் பெரும்பகுதி இன்னமும் டப்பிங். வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரைந்து கொடுக்கும் கைகள் சென்னையில் இருக்கின்றன. தேவை, மெக்டஃபியைப் போல் எழுதும் ஆள். சொந்தமாக ஒரு கார்ட்டூன் எடுக்கத் துணிகிற சேனல், பட்ஜெட் போடும்போது முதல் வரியில் எழுத்தாளரின் சம்பளத்தைப் போடட்டும்.