முன்பதிவு நம் எழுத்தாளர்களுக்குக் கைகொடுக்குமா?

அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன், 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நான்கு நாவல்களின் சிறப்புப் பதிப்புகளுக்காக 185,000-க்கும் மேற்பட்ட வாசகர்களிடம் 41 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டினார். 2023-இல் நான்கும் வெளிவந்தன. காரணம், பணம் கேட்கும் முன்பே அவற்றை எழுதி முடித்திருந்தார்.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். தமிழ் எழுத்தாளர்கள் பலர் சொந்தச் சேமிப்பில் நூலை அச்சிட்டு, டான்ஸ்ரீ சோமா அரங்கம் போன்ற இடங்களில் வெளியீட்டு விழா நடத்தி, நன்கொடையை நம்பியிருக்கிறார்கள். விற்காத பிரதிகள் வீட்டில் தேங்குகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரையுள்ள வாசகர்களிடம் முன்பதிவு பெற்றால், எத்தனை பிரதி தேவை என்பது அச்சிடும் முன்பே தெரிந்துவிடும். ஆனால், நூல் எழுதி முடிந்த பிறகே பணம் கேட்க வேண்டும். அஞ்சல் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும். ஒருவர் சொன்ன நாளில் நூலை அனுப்பத் தவறினால், அடுத்த எழுத்தாளரை நம்பிப் பணம் கட்ட வாசகர் தயங்குவார்.