நார்க்கழிவு மண் அல்ல. கடிகாரம் பார்த்து நீர் ஊற்றலாகாது

குழித்தட்டில் நாற்று வளர்க்கும் விவசாயிகளைச் சந்திக்கும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி இதுதான்: "தினம் எத்தனை தடவை தண்ணி ஊத்தணுங்க ஐயா?" விரிவாக்கப் பணியில் இருக்கும் என் போன்றவர்கள் "காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பூவாளியால் ஊற்றுங்கள்" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டோம். துண்டுப் பிரசுரங்களிலும் அப்படியே அச்சிட்டுக் கொடுத்தோம். அந்தப் பதில் தவறானது என்பது இன்று என் உறுதியான கருத்து. அதை நம்பிக் கெட்ட நாற்றுகளுக்கு விவசாயியின் கவனக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

சென்ற கோடையில் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் நிழல்வலைக் குடிலைப் பார்க்க நேர்ந்தது. வீரிய ஒட்டு மிளகாய் விதையைக் கடன் வாங்கி வாங்கியிருந்தார். தட்டுகளில் நாற்றுக்கு வயது 18 நாள். பாதிக்கு மேல் வெளிறி நின்றன. பலவற்றின் தண்டு அடியில் நைந்து சாய்ந்திருந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று பயந்து, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஊற்றியிருக்கிறார். "மேல காஞ்சு கெடந்துச்சுங்க, அதானுங்க ஊத்துனேன்" என்றார். ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தேன். கை கனத்தது, அடித் துளைகளிலிருந்து நீர் சொட்டியது. ஒரு குழியிலிருந்து நாற்றை வேருடன் உருவிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் நுனி பழுப்பேறியிருந்தது. வெளிறலைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் முன்பு யூரியாவைக் கரைத்து வேறு ஊற்றியிருந்தார். தப்பிப் பிழைத்த நாற்றுகளின் இலை ஓரமும் கருகிவிட்டது. அந்தப் பருவத்தில் அவர் வெளியிலிருந்து நாற்று வாங்கித்தான் நட்டார்.

இதில் அவர் செய்த பிழை என்ன? மண்ணைப் பார்க்கும் கண்ணால் நார்க்கழிவைப் பார்த்ததுதான். அந்தக் கண் அவருடைய தகப்பனாரிடமிருந்து வந்தது. மண்ணுக்கு அது சரியான கண்.

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் உதிரும் சோறு போன்ற பொருளே நார்க்கழிவு. கடற்பஞ்சைப் போன்ற அமைப்புடையது. தன் எடையைப் போல் 5 முதல் 8 மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். மேற்பரப்பு மட்டும் வெயிலும் காற்றும் பட்டு விரைவில் உலர்ந்து இளம் பழுப்பாக மாறிவிடும். அதற்கு ஓர் அங்குலத்துக்குக் கீழே ஈரம் ததும்பிக் கொண்டிருக்கும். மண்ணில் மேலே வெடிப்புக் கண்டால் கீழேயும் ஈரம் குறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நார்க்கழிவில் அந்த ஊகம் பலிக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நனைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் மேற்பகுதி காய்ந்த பிறகும் கீழ்க்கரை நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். குழித்தட்டிலும் இதே கதைதான். குழியின் ஆழம் குறையக் குறைய, அடியில் தங்கும் ஈரத்தின் பங்கு கூடும். ஆழமான தொட்டியில் அடி ஈரத்துக்கு மேலே வேர் மூச்சு விட இடமிருக்கும். ஒன்றரை அங்குலக் குழியில் அந்த இடம் இல்லை. அளவு மீறி ஊற்றினால் குழி முழுவதுமே சேறாகி, நாற்றழுகல் பூசணத்துக்கு விருந்து வைத்தது போலாகிவிடும்.

அப்படியானால் எப்போது ஊற்றுவது? தட்டைத் தூக்கிப் பாருங்கள். இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 98 குழித் தட்டு ஒன்றை நிரப்பி, நன்றாக நனைத்து, அரை மணி நேரம் வடியவிட்டு, ஒரு கையால் தூக்கி அதன் கனத்தை மனதில் வாங்கிக் கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும் மாலையிலும் அதே தட்டைத் தூக்குங்கள். கனம் நன்றாகக் குறைந்து கைக்கு இலேசாகத் தெரியும் போதுதான் நீர் தேவை. மூன்று நான்கு நாளில் கைக்குப் பழகிவிடும். வீட்டுப் பெண்கள் இதை ஆண்களைவிட விரைவாகப் பிடித்துக் கொள்வதைக் கண்டிருக்கிறேன். சந்தேகமிருந்தால் ஓரக் குழியொன்றின் நார்க்கழிவை எடுத்துக் கையில் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் போதும். நீர் ஒழுகினால் அன்று பூவாளியைத் தொடவே வேண்டாம். பிழிந்த உருண்டை கையைத் திறந்ததும் உதிர்ந்தால் உடனே ஊற்றுங்கள்.

இப்படிப் பார்த்தால், சித்திரை அனல் காற்றில் ஒரே நாளில் இரண்டு முறை ஊற்ற வேண்டியிருக்கும்; கார்த்திகை மூடாக்கில் இரண்டு நாளைக்கு ஒரு முறைகூடத் தேவைப்படாது. ஊற்றும்போது ஒரு தட்டுக்குச் சுமார் அரை லிட்டர், அடித் துளையில் சொட்டுத் தெரியும் வரை, சீராக ஊற்ற வேண்டும். மேலாகத் தெளித்துவிட்டுப் போவது கூடாது. மாலை நேரத்தைவிடக் காலை நேரம் நல்லது; இலையில் ஈரத்தோடு இரவைக் கழிக்கும் நாற்றுக்கு நோய் எளிதில் வரும். குடிலின் ஓரத்தில் இருக்கும் தட்டுகள் நடுவில் இருப்பவற்றைவிட முன்னதாகக் காயும். ஓரத் தட்டைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. ஓரத் தட்டுகளுக்கு மட்டும் தனியாக ஊற்றுங்கள், அல்லது சில நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றி வையுங்கள். விதைத்தவுடன் பத்துத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைக்கிறோமல்லவா? முளை தெரியும் வரை, அதாவது 3 முதல் 6 நாள் வரை, அந்த அடுக்குக்குத் தண்ணீரே தேவையில்லை.

அடுத்தது உணவு. நார்க்கழிவில் சத்து இருக்கிறதா என்று கேட்பார்கள். பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து 0.26 சதம், மணிச்சத்து 0.01 சதம், சாம்பல் சத்து 0.78 சதம் என்பது கணக்கு. சாம்பல் சத்தைத் தவிர மற்றவை பெயரளவுக்குத்தான். ஆகவே இது நாற்றை நிறுத்தி வைக்கும் பாத்திரம். சோறு நாம்தான் போட வேண்டும். முதல் பத்து நாளைக்கு விதையிலிருக்கும் உணவே நாற்றைத் தாங்கும். அதன்பின் 19:19:19 என்னும் நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, விதைத்த 12ஆம் நாளிலும் 20ஆம் நாளிலும் கொடுக்கச் சொல்வது பழக்கம். இதில் பிழையில்லை. ஆனால் என் அனுபவத்தில், லிட்டருக்கு 1 கிராம் என்று நீர்த்த கரைசலை மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை கொடுத்து, இடைப்பட்ட நாளில் வெறும் நீர் ஊற்றுவது இன்னும் பாதுகாப்பானது. குழந்தைக்கு ஒரே வேளையில் வயிறு முட்ட ஊட்டிவிட்டு எட்டு நாள் பட்டினி போடுவதில்லையே. எடை பார்க்கத் தராசில்லை என்று கையளவாகப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மண் அதிக உரத்தைத் தாங்கிக் கொள்ளும். ஒரு கைக்குள் அடங்கும் நார்க்கழிவு தாங்காது. தனி யூரியாவை நாற்றுத் தட்டில் ஊற்றவே வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. நார்க்கழிவு தன்னிடமுள்ள சோடியத்தையும் சாம்பல் சத்தையும் வெளியே விட்டு, நாம் ஊற்றும் கரைசலிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் தான் பிடித்துக் கொள்ளும் குணமுடையது. அதனால்தான் ஏற்றுமதி செய்பவர்கள் நார்க்கழிவை நல்ல நீரில் கழுவியபின் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மீண்டும் அலசி அனுப்புகிறார்கள். நாமும் அதைச் செய்யலாம். லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஒரு நாள் ஊறவைத்து வடித்துவிட்டு, ஒரு முறை நல்ல நீரால் அலசினால் போதும். ஆனால் கொங்கு நாட்டின் பல கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைந்த கடின நீர். அத்தகைய நீரில் கழுவினாலே இந்த வேலையில் ஒரு பகுதி நடந்துவிடும். மென்னீர் உள்ள நாடுகளுக்காக எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, கடின நீர்க்காரர்கள் மருந்துக் கடையில் புட்டி புட்டியாகக் கால்சியம் வாங்குவது வீண் செலவு.

கடின நீரின் தொல்லை வேறு விதமானது. அதிலுள்ள பைகார்பனேட் நாளடைவில் நார்க்கழிவின் காரத் தன்மையை உயர்த்திவிடும். இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. இலை மஞ்சளானவுடன் யூரியா மூட்டையை நினைக்காமல், எந்த இலை மஞ்சளாயிற்று என்று பாருங்கள். கீழிலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. கீழிலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. அதே தோற்றம் மேலே குருத்திலையில் வந்தால் இரும்புக் குறை. இலை ஓரம் கருகினால் பெரும்பாலும் உப்பு. எல்லா இலையும் சோர்ந்து வெளிறி, தட்டும் கனமாக இருந்தால் குறை எதுவுமில்லை; தண்ணீர் மிகுதிதான்.

உப்பு என்றேன். இதில்தான் எனக்கு மிகுந்த மனக்குறை. நன்றாகக் கழுவி, மின்கடத்தும் திறன் குறைந்த நார்க்கழிவு கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறிவிடுகிறது. அங்கே வாங்குபவர் அளந்து பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார். நம் ஊர் விவசாயிக்கு விற்கப்படும் கட்டியிலோ பெரும்பாலும் எடையைத் தவிர வேறு எதுவும் எழுதியிருப்பதில்லை. உர மூட்டையில் சத்து அளவை அச்சிடுவது கட்டாயம் என்றால், நாற்று வளர்க்கவென்றே விற்கப்படும் நார்க்கழிவுக் கட்டியில் மின்கடத்தும் திறனையும், கழுவியதா கழுவாததா என்பதையும் அச்சிட வைப்பதில் என்ன கஷ்டம்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும்போது இதை நிபந்தனையாக வைக்கலாம். தனியாளாகக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்; ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் சிரிக்க மாட்டார்.

அதுவரை நாமே சோதிக்க வேண்டியதுதான். 5 கிலோ கட்டி ஒன்று 25 முதல் 30 லிட்டர் நீரை உறிஞ்சி, 65 முதல் 75 லிட்டர் கொள்ளளவுக்கு உப்பும். ஊறியதில் ஒரு டம்ளர் எடுத்து, ஒன்றரை டம்ளர் பாட்டரிக்கு ஊற்றும் தூய நீரில் கலக்கி, சிறிது நேரம் வைத்து வடிகட்டி, பேனா போன்ற சிறு மின்கடத்தி மானியால் அளக்கலாம். அரை டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் நாற்றுக்கு ஏற்றது. ஒன்றைத் தாண்டினால் கழுவாமல் தொட வேண்டாம். மானி இல்லாதவர்கள் இருபது பச்சைப் பயறு விதையை அதிலும், இருபதைக் கழுவிய ஆற்று மணலிலும் போட்டு ஒரு வாரம் பார்க்கட்டும். நார்க்கழிவில் முளைத்தது மட்டும் குட்டையாக, இலை ஓரம் கருகி நின்றால், இன்னும் இரண்டு முறை கழுவ வேண்டும் என்று பொருள். விலையுயர்ந்த விதையைப் போட்டுத் தெரிந்து கொள்வதைவிட இது மலிவு.

கழுவியபின், 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டிலும் ஒவ்வொரு கிலோவும் கலந்து தட்டை நிரப்பலாம். டிரைகோடெர்மா கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள், நாற்றழுகலுக்குக் காவல்.

தட்டில் பயன்படுகிறதே என்று பச்சை நார்க்கழிவை வண்டி வண்டியாக வயலில் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே அது கடன் வாங்கும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து 60 நாள் மக்கவைத்தால் அந்த விகிதம் 24க்கு 1 ஆக இறங்கும். அதன்பின் வயலுக்குப் போகட்டும்.

நகரங்களை அடுத்த ஊர்களில் சிலர் வீட்டுக்குள் வைக்கும் அழகுச் செடிகளையும் நார்க்கழிவில் வளர்த்து விற்கிறார்கள். வாங்கிப் போகிறவர் வீட்டில் வெளிச்சம் குறைவு, காற்றோட்டம் குறைவு. செடி குடிக்கும் நீரும் மிகக் குறைவு. நிழல்வலைக் குடிலில் தினமும் நீர் கேட்ட அதே மணி பிளாண்டுக்கு அறைக்குள் வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ போதும். உரமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். மாதம் ஒரு முறை லிட்டருக்கு 1 கிராமே போதுமானது. இவ்வகைத் தொட்டிகளில் ஊற்றும்போது அடியில் கொஞ்சம் வழியும் அளவுக்கு ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு சேர்ந்து தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். இதை ஒரு சிறு சீட்டில் எழுதித் தொட்டியோடு கொடுத்தால், "உங்ககிட்ட வாங்கின செடி பத்து நாள்ல அழுகிடுச்சு" என்ற பேச்சு வராது.

கடைசியாக, கழுவிய நீர். பொள்ளாச்சி வட்டாரத்தில் பெரிய அளவில் நார்க்கழிவைக் கழுவிய நீர் இறங்கிக் கிணறுகள் பழுப்பேறிய புகார்களை நாம் அறிவோம். பத்து இருபது கட்டி கழுவும் சிறு விவசாயியும் அதைக் கிணற்றோரம் கொட்டக் கூடாது. அந்த நீரில் இருப்பது பெரும்பாலும் சாம்பல் சத்தும் குளோரைடும். இரண்டையுமே தென்னை விரும்பும். ஒரே மரத்தில் கொட்டாமல், நல்ல நீர் கலந்து, ஒரு முறை ஒரு மரம் என்று மாற்றி மாற்றித் தென்னம் பாத்திக்குப் பாய்ச்சிவிடுங்கள்.