தொப்பை வழக்கில் சோறு மட்டுமா குற்றவாளி?

சோற்றை நிறுத்திவிட்டால் போதும், நெய்யும் கறியும் எவ்வளவு தின்றாலும் எடை ஏறாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவருக்கு முதல் வாரமே 3 கிலோ இறங்கியதாம். இறங்கியிருக்கும். ஆனால் இறங்கியது எது?

கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இந்த இருப்பு கரைகிறது; அவர் கொண்டாடும் கிலோக்களில் பெரும்பகுதி சிறுநீராகப் போன தண்ணீர்.

சோறு அப்படியே கொழுப்பாக மாறுகிறது என்பதும் அரைகுறைப் பேச்சு. வழக்கமான சாப்பாட்டில் அப்படி மாறுவது சொற்பம். சோறு உள்ளே போனதும் இன்சுலின் ஏறுகிறது, உடல் குளுக்கோஸை முதலில் எரிக்கிறது. கூடவே தின்ற நெய் எரியாமல் சேமிப்புக்குப் போகிறது. ஆக, தொப்பையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அவர் விடுதலை செய்த நெய்யேதான்! ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு அமெரிக்காவில் 19 பேரைத் தங்கவைத்துச் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டது. கலோரியைச் சமமாகக் குறைத்துப் பார்த்ததில், மாவுச்சத்தைக் குறைத்தபோது கரைந்ததைவிடக் கொழுப்பைக் குறைத்தபோதுதான் உடற்கொழுப்பு அதிகம் கரைந்தது. அந்தச் சோதனை சில நாட்களே நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடலுக்குக் குளுக்கோஸே வேண்டாம் என்றும் எழுதுகிறார். ஆனால் மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுக்களுக்கு வேறு எரிபொருள் கிடையாது. நாம் தராவிட்டால் கல்லீரல் அமினோ அமிலங்களிலிருந்தாவது அதைச் செய்துகொடுக்கும்.

சர்க்கரை நோயாளி சோற்றைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும். அது நியாயமான வழிதான். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவர் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.