கயிறு பிடிக்கும்போது நம்மையும் கூப்பிடுங்கள்

லயத்துக் காம்பிராவை விட்டுச் சொந்தக் காணியில் தனி வீடு என்பது நாம் போராடிப் பெற்ற உரிமை. இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் பிளான் 550 சதுர அடி. காணியோ அதைவிடப் பெரியது. வீட்டை நட்டநடுவில் வைத்தால் மிச்சக் காணி நாலு பக்கமும் துண்டாகிவிடும். மண்மேட்டை ஒட்டாமல் ஓரமாக வைத்தால், மகனுக்குக் கலியாணம் முடிந்ததும் ஒரு காம்பிரா கூட்டிக் கட்டலாம். விறகடுப்புக்கு ஒரு பத்தி இறக்கலாம். கேஸ் விற்கிற விலையில் விறகடுப்பு இல்லாமல் எந்தத் தோட்டத்து வீடு ஓடுகிறது?

அத்திவாரம் வெட்டிய பிறகு பேசிப் பயனில்லை. கயிறு பிடிக்கும் நாளில் குடும்பமும் காணியில் நிற்க வேண்டும், முக்கியமாக அந்தக் குசினியில் சமைக்கப்போகிற அம்மா. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் போட்டுவிடாதபடி தோட்டத் தலைவர் துரையிடம் முன்கூட்டியே பேசி வைக்கட்டும்.