முட்டை இருக்கா என்று கேளுங்கள், யார் வீட்டுது என்று கேட்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கெமிஸ்ட்ரி டீச்சர்தானே என்று விட்டுவிடுங்கள்.

போன வாரம் என் அண்ணன் மகள் அடையாறிலிருந்து வந்திருந்தாள். தரமணிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் வாழைப்பழம் கறுத்துப்போனால் தூக்கி எறிய மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேக்காகப் பண்ணி, துண்டு போட்டு, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, திங்கட்கிழமை ஆபீசுக்கு எடுத்துப்போவாள். மூன்று வருஷமாக இப்படித்தான். இப்போது ஒரு மெயில் வந்திருக்கிறதாம். வீட்டில் தயாரித்த உணவை சக ஊழியர்களுக்கு விநியோகிக்கக் கூடாது, பிறந்தநாள் போன்ற விசேஷங்களுக்குக் கடையிலிருந்து பேக் செய்து வாங்கியவை மட்டும் அனுமதி என்று. காரணம்: சுகாதாரம், ஒவ்வாமை, “பலதரப்பட்ட ஊழியர்களின் உணர்வுகள்”.

இதை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இதென்ன கூத்து?” என்று கேட்டிருந்தேன். நம் பிள்ளைகளில் ஒருவன், வேறொரு கம்பெனியில் எச்.ஆர். வேலையில் இருப்பவன், பதில் போட்டான்: “மிஸ், நாங்களும் இதே ரூல்தான் வெச்சிருக்கோம். உங்களுக்கு ஆபீஸ் பிரச்சினை தெரியாது.” நாலு பேர் அதற்குக் கட்டைவிரலும் காட்டியிருந்தீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, முப்பத்து மூன்று வருஷம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஆபீஸ்தான். சொல்கிறேன், கேள்.

முதலில் சுகாதாரம். எதற்குப் பயப்படுகிறாய்? ஃப்ரெஷ் க்ரீம் தடவிய கேக் என்றால் பயப்படு. சென்னை வெயிலில் பேருந்திலும் ஸ்கூட்டியிலும் ஒன்றரை மணி நேரம் வந்தால் க்ரீம் கெடும். அதற்குத் தடை போடு, நானே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் போட்டு முழுசாக வெந்த சாதாரண கேக், ஞாயிறு ராத்திரி செய்தது திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கெட்டுப்போகாது. அதிலிருக்கும் சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமிக்கு விடுவதில்லை. ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் சொன்ன அதே பாடம்தான், பத்தாம் வகுப்பில் தூங்கிவிட்டாய் போல.

ஒவ்வாமை உண்மையான விஷயம். முந்திரியோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். மைதா, வெண்ணெய், சர்க்கரை, வாழைப்பழம், முந்திரி உண்டு, முட்டை உண்டு அல்லது இல்லை என்று எழுதி டப்பா மூடியில் ஒட்டச் சொல். “பேக் செய்தது” என்று நீ நம்பும் கேக்கில் பாதி, கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டியதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது? கடை பெயரும் போன் நம்பரும்.

சட்டம் என்றும் சொன்னாய். 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு. வீட்டில் கேக் செய்து விற்கிறவர்கள் அதன்படி பதிவு செய்ய வேண்டும், பதினான்கு இலக்க எண் வாங்க வேண்டும். அது சரியான ஏற்பாடு, மந்தைவெளியில் என் மாடி வீட்டுப் பெண்ணே வாங்கி வைத்திருக்கிறாள். கறுத்த வாழைப்பழத்தை வீணாக்க மனசில்லாத என் அண்ணன் மகள் தொழில் செய்யவில்லை.

ஆக, மிச்சம் இருப்பது மூன்றாவது காரணம். “உணர்வுகள்.” இதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

என் வீட்டில் முட்டை கிடையாது. உறவினர்களுக்குத் தெரியும். அதனால் முட்டை இருக்கிறதா என்று கேட்பதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். நம் நாட்டுச் சட்டத்திலேயே முட்டை அசைவம்தான், முட்டை சேர்த்த கேக்குக்குப் பச்சைக் குறி போட முடியாது. கேட்கலாம், கேட்க வேண்டும்.

எனக்குக் கேக் செய்யக் கற்றுக்கொடுத்தது என்னுடன் வேலை பார்த்த ஒரு இங்கிலீஷ் டீச்சர், சாந்தோமில் வீடு. டிசம்பர் வந்தால் ஸ்டாஃப் ரூமுக்கு இரண்டு டப்பா கொண்டுவருவார். ஒன்றில் ரம்மில் ஊறிய திராட்சை போட்ட கிறிஸ்துமஸ் கேக். இன்னொன்றில், என்னைப் போல ஐந்தாறு பேருக்காக, முட்டையில்லாத கேக். அதற்கென்று தனி டின், தனிக் கரண்டி வைத்திருந்தார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். “உங்க டின்னுல நான் வேற எதையும் தொட விடமாட்டேன்” என்பார். பதினெட்டு டிசம்பர் அவர் வீட்டுக் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்குள் நான் போனது ஒரே ஒரு தடவை, அவர் அம்மா இறந்தபோது.

அவரிடம் நான் கற்றது மில்க்மெய்ட் கேக். முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க், பேக்கிங் பவுடர், ஆப்பசோடா, கடைசியில் கொஞ்சம் கோலி சோடா. அப்போது எத்தனை வீட்டில் ஓவன் இருந்தது? குக்கரில் மணலைக் கொட்டி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே டின்னை வைத்து சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். உங்களில் சிலருக்கு சோடியம் பைகார்பனேட் பாடத்தன்று லேபில் நான் அந்தக் கேக்கைக் கொடுத்து, “துளைகளைப் பாருங்கள், அதுதான் கார்பன் டை ஆக்சைடு” என்றது ஞாபகம் இருக்கும். துளையைப் பார்த்தவர்கள் குறைவு.

இனி வருவதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

எங்கள் பள்ளியில் ஓர் ஆயாம்மா இருந்தார். பள்ளி பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் குடிசை. லேபில் நான் கேக் செய்யும் நாட்களில் பாத்திரம் கழுவ வருவார், நின்று பார்ப்பார், அளவு கேட்பார். 1994-இல் அவர் மகள் பத்தாம் வகுப்பு பாஸ். அந்தக் குடும்பத்தில் முதல் பாஸ். மறுநாள் ஒரு டிபன் பாக்ஸில் கேக் செய்து கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், இரவல் குக்கரில். அந்த மில்க்மெய்ட் டின் வாங்க எத்தனை நாள் சேர்த்தாரோ எனக்குத் தெரியாது. சதுரமாக வெட்டி, துண்டுக்கு நடுவில் ஒரு பாதி முந்திரி வைத்திருந்தார்.

ஸ்டாஃப் ரூமில் பன்னிரண்டு பேர் இருந்தோம். முதல் கேள்வி: “முட்டை போட்டிருக்கா?”

“இல்லம்மா. கெமிஸ்ட்ரி மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரியேதான். டப்பாப் பால் போட்டது.”

அந்தப் பதிலோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒருவருக்கு அன்றைக்கு ஏகாதசி என்று திடீரென்று ஞாபகம் வந்தது. ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, முந்தின நாள்தான் யாரோ கொடுத்த லட்டு சாப்பிட்டவர். ஒருவர் “அங்க வெச்சுட்டுப் போ, அப்புறம் எடுத்துக்கறேன்” என்றார். இன்னொருவர் மெதுவாக, “எந்தத் தண்ணியோ” என்றார். இங்கிலீஷ் டீச்சர் இரண்டு துண்டு எடுத்து அங்கேயே சாப்பிட்டார். நான் ஒன்று எடுத்தேன். நன்றாக இருந்தது, என்னுடையதைவிட மென்மையாக வந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு கை நீண்டிருக்கும். எனக்கு அன்றைக்கு அந்த நாலு பேரோடு மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

சாயங்காலம் அந்த டிபன் பாக்ஸைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அளவு கேட்டதே இல்லை.

அதே ஆட்கள் வாராவாரம் அடையாறிலும் தி.நகரிலும் பேக்கரியில் பஃப்ஸும் கேக்கும் வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். அங்கே பின்கட்டில் மாவு பிசைந்தது யார், எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்கும் செயலியில் ஆர்டர் போட்டு வருவதை யார் சமைத்தார் என்று நீயோ நானோ கேட்பதில்லை. கை கண்ணில் படாதவரை எல்லாம் சுத்தம். கையும் முகமும் தெரிந்தவுடன் சுகாதாரம் ஞாபகம் வருகிறது. தம்பி, உன் மெயிலைப் படித்தபோது எனக்கு அந்த ஏகாதசிதான் ஞாபகம் வந்தது. நீ அந்த எண்ணத்தில் எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் அப்படி நினைக்கிறவர் உன் ஆபீசில் பத்துப் பேர் இருந்தால், அவர்கள் இனி ஏகாதசியைத் தேட வேண்டியதில்லை. அவர்களுக்கான சாக்கை நீயே அச்சடித்துக் கொடுத்துவிட்டாய்.

இது பழைய கதை என்று சொல்லாதே. 2014-இல் அண்ணா சாலையில் ‘தி ஹிந்து’ பத்திரிகை அலுவலக கேன்டீனில் அசைவம் கொண்டுவரக் கூடாது, பெரும்பான்மையான சைவ ஊழியர்களுக்கு அது சங்கடம் என்று ஒரு சுற்றறிக்கை போய், ஊர் முழுக்கப் பேச்சானது. 2023-இல் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைக்கிறார் என்று கரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல், கலெக்டர் நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே யாரும் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த ஊர் சேர்ந்து சாப்பிடக் கற்றது தானாக நடந்ததும் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் போகிறோமே, அந்த தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய டிபன் போடத் தீர்மானம் வந்தது. தலைக்கு ஓர் அணாவுக்குள். 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எடுக்க வைக்கப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. ஆள் ஆளாகக் கைதானார்கள். என் தாத்தா அந்தப் போராட்டத்தைத் திட்டித் தீர்த்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறவினர்கள் வருத்தப்பட வேண்டாம், உண்மைதானே.

பள்ளிப் பந்தியில் சட்டம் போட்டுச் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஓட்டலில் காசு சேர்த்து உட்கார வைத்தது. ஆனால் நீங்கள் ஒருபோதும் நுழையாத ஒரு வீட்டின் அடுப்பிலிருந்து, காசு வாங்காமல், ஒரு துண்டு உங்கள் மேசைக்கு வருவது எங்கே நடக்கிறது? ஆபீசில்தான். பட்டினப்பாக்கத்து வீட்டுக் கேக்கும் மேற்கு மாம்பலத்து வீட்டுக் கேக்கும் ஒரே டிஷ்யூ பேப்பரில் வருவது அங்கேதான். அதைப் போய் மூடுகிறாயே.

என் அண்ணன் மகளையும் விட்டுவிடவில்லை. “உன் டப்பா யார் யாருக்குப் போகும்?” என்று கேட்டேன். டீம்ல எல்லாருக்கும் அத்தை என்றாள். பேன்ட்ரியில் காபி போடுகிற அண்ணனுக்கு? பாத்ரூம் கழுவுகிற அக்காவுக்கு? கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒரு தடவை குடுத்தேன் அத்தை. சூப்பர்வைசர் பார்த்தா திட்டுவாரு, வேணாம்மான்னுட்டாங்க” என்றாள். காண்ட்ராக்ட் ஆட்கள் ஊழியர்களிடம் எதுவும் வாங்கக் கூடாதாம். அந்த விதிக்கு மூன்று வருஷமாக யாரும் கோபப்படவில்லை, நானும் இப்போதுதான் கேட்கிறேன். அவர்கள் வீட்டில் செய்ததை இவர்களுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கே தைரியம் வரவில்லை.

ஆகவே தம்பி, விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல விதியாக எழுது. க்ரீம் கூடாது. மூடியில் சீட்டு ஒட்ட வேண்டும். முட்டையுள்ளது, இல்லாதது தனித்தனி டப்பா, தனித்தனிக் கத்தி. வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. கட்டடத்தில் வேலை செய்கிற யாரும் கொண்டுவரலாம், யாரும் எடுக்கலாம், சம்பளம் எந்தக் கம்பெனி கொடுத்தாலும். இந்தக் கடைசி வரியை உன் மேலிடம் அடிக்கும். அப்போது எனக்கு போன் பண்ணு.

அந்த ஆயாம்மாவின் மகள் எங்கே இருக்கிறாள் என்று இங்கே யாருக்காவது தெரிந்தால், பெயரைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பாள். அவள் அம்மா செய்த கேக்கைப் பற்றி, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை, அவளிடமாவது சொல்ல வேண்டும்.