வெள்ளை இறாலும் முகத்துவாரமும்

பழவேற்காட்டு மீனவர்களின் வலையில் விழும் வெள்ளை இறாலுக்கு, நம் கரையோரப் பண்ணைக் குட்டைகளில் இன்று அநேகமாக இடமில்லை. அங்கே வளர்வது வனாமி. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்த இறால் அது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து வரி இறால் பண்ணைகளைச் சாய்த்தது. அதற்கு மாற்றாக 2009இல் வனாமிக்கு அரசு அனுமதி தந்தது. அதன் நோயற்ற தாய் இறால்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களையே நம்பியிருக்கிறோம்.

இந்த நிலையை மாற்றத்தான் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு இனமான வெள்ளை இறாலைக் கையில் எடுத்திருக்கிறது. ஏறத்தாழ 25 கோடி ரூபாய் மத்திய நிதியில் அதன் மரபு மேம்பாட்டுத் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. குடும்பம் குடும்பமாக இறாலைப் பிரித்து வளர்த்து, விரைந்து வளரும் குடும்பங்களையே அடுத்த தலைமுறைக்குத் தாயாக்குவது இதன் வழி. இது வெறும் கனவல்ல. 1990களில் புவனேஸ்வர் விஞ்ஞானிகள் நார்வேயுடன் சேர்ந்து இப்படித்தான் 'ஜெயந்தி' ரோகு கெண்டையை உருவாக்கினார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது.

ஆனால், இப்படித் தேர்ந்தெடுப்பது இல்லாத குணத்தை உண்டாக்காது. இருப்பதைப் பொறுக்கி எடுக்கும், அவ்வளவே. குளிர்நாட்டுப் பழமான புளூபெர்ரி வெப்பமான ஃபுளோரிடாவில் காய்த்தது எப்படி? பல்கலைக்கழக ஆய்வாளர் ரால்ஃப் ஷார்ப், அங்கே காட்டில் தானாக வளர்ந்த உறவுச் செடியோடு அதைக் கலந்தார். அந்தக் காட்டுச்செடி அழிந்திருந்தால் புதிய ரகமும் இல்லை.

வெள்ளை இறாலின் காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிகள்தான். தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். பருவம் நெருங்கியதும் கடலுக்குத் திரும்பும். மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால் இந்தப் போக்குவரத்தே நின்றுவிடும். அதன் பாதிப்பு, முறைவைத்து மீன்பிடிக்கப் 'பாடு' போகும் குப்பங்களின் அன்றாட வருமானத்தோடு முடிவதில்லை. ஆய்வகத்தில் ஒரே குடும்பத்துக்குள் கலப்பு நேர்ந்து இனம் நலியும்போது, புதிய இரத்தம் தேடிப் போக வேண்டிய இடமும் சுருங்கிவிடும்.

முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அதை ஒரு வட்டாரத்தின் மனுவாக மட்டும் பார்ப்பது தவறு. மேம்பட்ட இறாலுக்குப் பணம் ஒதுக்கும் மத்திய, மாநில அரசுகள், முகத்துவாரப் பராமரிப்பையும் ஏரியின் நீர்த்தரத்தையும் அதே திட்டத்தின் செலவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாட்டு இறால் பண்ணைக்கு வரும் நாளில், அதன் மூல இனத்தைக் காத்துவரும் குப்பங்களுக்கும் வருமானத்தில் பங்கு வேண்டும்.